லைட் எரியுதுல்ல, கிளம்புங்கண்ணே!

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். டயரில் நூல் தெரிந்தால் முதலாளியே கூப்பிட்டு மாற்றச் சொல்லிவிடுவார். ஸ்டியரிங்கில் லேசாக ஓர் ஆட்டம் இருந்தாலும் பட்டறையில் விட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த லோடு. அதே வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஏழெட்டு நிறத்தில் டேப் சுற்றிய ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சில இடத்தில் டேப்பே இல்லாமல் செம்பு தெரியும். அதை ஆபத்து என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘லைட் கம்ப்ளைண்ட்’ என்று ஒரு பெயர் வைத்து, வேறு வேலைக்கு வண்டி பட்டறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டில் இருப்பது பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு பிக்கப். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் போகும். பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே விஷயமே இல்லை. கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோது அதன் ஒயரிங் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கப்ளர், தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம், எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் ஒரு படம். எல்லாம் இருந்ததற்கான தடயம் இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு கைமாறிய ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் சேர்த்தார்கள். ஒருவர் பாட்டு செட் வைத்தார். ஒருவர் கேபின் மேலே எல்.இ.டி. பார் போட்டார். ரிவர்ஸ் எடுத்தால் ராகம் பாடும் ஹார்ன் ஒன்று வந்தது. ஆயுத பூஜைக்கு முகப்பில் சுற்றிய சீரியல் லைட்டைப் பூஜை முடிந்ததும் கழற்றினார்கள், அதற்காக இழுத்த ஒயரைக் கழற்றவில்லை. யாரோ மாட்டிய ஜி.பி.எஸ். கருவியைப் பிடுங்கிய இடத்தில் மூன்று ஒயர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அதில் ஒன்றில் இன்னமும் சப்ளை இருந்தது. சாவியை எடுத்துவிட்டுப் போனாலும் அந்த ஒயருக்கு உயிர் இருந்தது. சேர்த்தவர்கள் இத்தனை பேர் இருக்க, எதையாவது எடுத்தவர் என்று ஒருவர்கூட இல்லை.

சேர்த்த விதம்தான் கொடுமை. ஓடுகிற ஒயரை நடுவில் பல்லாலோ பிளேடாலோ சீவி, புது ஒயரின் நுனியை அதில் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது. அவ்வளவுதான் வேலை. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய கேபினுக்குள் அந்த டேப்பின் பசை உருகிக் கோந்தாகிவிடும். சுற்று தானாகவே நழுவும். உள்ளே முறுக்கிய செம்பு பச்சை பூத்திருக்கும். முறுக்கு தளர்ந்தால் தொடும் இடம் குறைகிறது. தொடும் இடம் குறைந்தால் அந்த ஒரு புள்ளியில் சூடு ஏறுகிறது. சூடு ஏற ஏறச் செம்பு இன்னும் வேகமாகக் கெடுகிறது. லக் வைத்து நசுக்கி, மேலே சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டினால் வருஷக்கணக்கில் அசையாது. அதற்கு ஒரு கிரிம்பிங் பிளையரும் பத்து நிமிஷப் பொறுமையும் போதும்.

போதாக்குறைக்கு ஒயரும் கண்டது. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சியதை வண்டியில் போடுகிறார்கள். பின்னால் டெயில் லேம்புக்குப் போகிற ஒயரில் பாதி தூரம் ஸ்பீக்கர் ஒயர் இருந்ததை நான் கையால் உருவி எடுத்தேன். வண்டி ஒயரில் நுண்ணிய இழைகள் நிறைய இருப்பது அதிர்வைத் தாங்குவதற்காக. அதன் மேலுறை எண்ணெயையும் எஞ்சின் சூட்டையும் தாங்குகிற மாதிரி செய்யப்பட்டது. வீட்டுச் சுவருக்குள் அசையாமல் கிடக்க வேண்டிய ஒயரை நாள் முழுக்கக் குலுங்குகிற சேசிஸில் கட்டினால் அது உள்ளுக்குள்ளேயே ஒடிந்துவிடும், வெளியே தெரியாது. மேலே பலகைத் தட்டில் ஈரமான காய்கறிக் கூடைகளிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. திரும்பி வரும்போது சில நாள் யூரியா மூட்டை ஏற்றுகிறோம். அந்த உப்பும் ஈரமும் சேர்ந்து கீழே ஓடும் ஜாயிண்ட்டுகளைத் தின்றுவிடும். வெங்காய மண்டிப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் எலி வேறு.

ஃபியூஸுக்கு வருகிறேன். சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

எங்கள் வண்டியின் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பார்த்தபோது, மூடியில் 10 என்று போட்டிருந்த இடத்தில் சிவப்பு ஃபியூஸ் இருந்திருக்க வேண்டும். இருந்தது பச்சை, அதாவது 30 ஆம்பியர். அதற்குப் பக்கத்தில் நீலம், 15 ஆம்பியர் இருக்க வேண்டிய குழியில், கருகிப்போன பழைய ஃபியூஸின் இரண்டு காலிலும் செம்பு இழையைச் சுற்றி அப்படியே திரும்பக் குத்தியிருந்தார்கள். இன்னொரு குழியில் சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள், மடித்து மடித்து, உள்ளே போகிற கனத்துக்கு. கேட்டால், “அடிக்கடி ஃபியூஸ் போகுதுன்னு டிரைவர் சொன்னாரு, அதான் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டேன்” என்கிறார்கள். ஃபியூஸ் எதற்காக அடிக்கடி போகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எங்கோ ஓர் ஒயர் தகட்டில் உரசிக்கொண்டிருக்கிறது என்று அந்த ஃபியூஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சொன்னதைக் கேட்காமல் அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

ஃபியூஸ் என்பது பல்பைக் காப்பாற்ற வைத்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது. 10 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டு இழுத்த மெல்லிய ஒயரில் 30 ஆம்பியர் ஃபியூஸை வைத்தால், அந்த ஒயரில் 25 ஆம்பியர் ஓடினாலும் ஃபியூஸ் பேசாமல் இருக்கும். ஒயர் கொதிக்கும். மேலுறை இளகி வழியும். ஒரே கட்டாகக் கட்டிய பத்துப் பன்னிரண்டு ஒயர்களில் ஒன்று இளகினால் பக்கத்து ஒயர்களும் சேர்ந்து இளகி, செம்போடு செம்பு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டு எதன் மேல் படுத்திருக்கிறது என்று பார்த்தால் இன்னும் பகீர் என்கிறது. எங்கள் வண்டியில் டீசல் ரிட்டர்ன் ஓஸோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் டையில் கட்டியிருந்தார்கள், பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று. பத்து ரூபாய் ஃபியூஸில் நின்றிருக்க வேண்டிய விஷயம் அது.

எல்.இ.டி. பாருக்கும் பாட்டு செட்டுக்கும் ஃபியூஸே கிடையாது, பேட்டரியிலிருந்து ‘டைரக்ட்’. இந்த டைரக்ட் என்கிற வார்த்தையைப் பட்டறையில் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. ஃபியூஸ் வைத்தாலும் அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒயரின் மறுகோடியில், விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஃபியூஸ் வைத்தால் நடுவில் இருக்கிற அத்தனை நீளமும் காவல் இல்லாமல் கிடக்கிறது. கேபின் தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம் மாட்டாமல், கூர்மையான விளிம்பின் மேல் அந்த ஒயரை இழுத்திருந்தார்கள். டீசல் எஞ்சின் அதிர்வில் தகடு அந்த மேலுறையை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. செம்பு தெரிய ஒரு மெல்லிய தோல்தான் மிச்சம். 12 வோல்ட் தானே, கையில் தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஷாக் அடிக்காதுதான். ஆனால் டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டாரைச் சுற்ற 200 ஆம்பியர் அளவுக்குத் தருகிற பேட்டரி அது. ஷார்ட் ஆனால் அதற்கு மேலும் கொட்டும். ஃபியூஸ் இல்லாத ஒயர் சில நொடிகளில் செக்கச் சிவந்துவிடும்.

ஹெட்லைட் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய வண்டிகளில் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகிற மொத்தக் கரண்ட்டும் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுக்குள் புகுந்துதான் போகிறது. 60/55 வாட் பல்ப் இரண்டுக்கு, பிரைட் போட்டால் 120 வாட், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பழைய ஒயர், பச்சை பூத்த கப்ளர், தேய்ந்த சுவிட்ச் முனை என்று வழியெங்கும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் காணாமல் போகும். பல்பு வரை வந்து சேரும்போது 1.2 வோல்ட் குறைந்திருந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறைவதில்லை, ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஹாலோஜன் பல்பின் குணம் அது. டிரைவர் என்ன செய்வார், “வெளிச்சம் பத்தலை” என்பார். கடைக்காரர் என்ன செய்வார், 100/90 பல்பை எடுத்து மாட்டுவார். அதே ஒயர், அதே சுவிட்ச். இப்போது 16 ஆம்பியருக்கு மேல். ஜாயிண்ட்டில் ஏறும் சூடு கரண்ட் ஏறுகிற அளவுக்கு மட்டும் ஏறாது, இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். எதிரே வருகிறவர் கண் கூசுவது தனிப் பாவம்.

உடுமலையைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது எங்கள் டிரைவர் தம்பிக்கு நடந்தது இதுதான். எதிரே வந்த லாரிக்கு டிம் அடித்துவிட்டுத் திரும்பப் பிரைட்டுக்குத் தள்ளியிருக்கிறார். இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டன. “அண்ணே, ரோடே காணாமப் போயிடுச்சுண்ணே” என்று போனில் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் வண்டி நகர்கிறது. தக்காளி லோடு, இடதுபக்கம் புளியமரம், பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. மனக்கணக்கில் ஓரம் கட்டியிருக்கிறார். கேபின் முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். சுவிட்சின் அடிப்பக்கம் உருகி, உள்ளே இருந்த பித்தளை நாக்கு சாய்ந்து கிடந்தது. அந்த நாற்றம் ஒரு வாரமாகவே லேசாக வந்துகொண்டிருந்தது என்று அவர் பிறகு சொன்னார். போன தடவை கடையில் சொன்னாராம். “அது ஹீட்டுக்கு வர்ற வாடைதான்” என்று அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் பட்டறையில் நடந்ததைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை. உருகிய சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, டேஷ்போர்டில் ஒரு துளை போட்டு, வீட்டில் ஃபேனுக்குப் போடுகிற சுவிட்ச் ஒன்றைப் பதித்து, ஹெட்லைட்டை அதில் கொடுத்துவிட்டார் எலெக்ட்ரீஷியன். டிம்மும் பிரைட்டும் தனித்தனியாக இல்லை. ஒரேயடியாகப் பிரைட்.

“தம்பி, ரிலே போட்டுக் குடுங்கன்னுதானே சொன்னேன்?”

“ரிலேலாம் எதுக்குண்ணே, லைட் எரியுதுல்ல, கிளம்புங்க. லோடு நிக்குதுன்னு சொன்னீங்களே?”

ரிலே ஒன்றும் பெரிய விஷயமில்லை. தீப்பெட்டி அளவு கூட இருக்காது. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், நடுவில் ஃபியூஸ், ரிலேயின் 30-ஆம் முனையில் உள்ளே போய் 87-இல் வெளியே வந்து நேராகப் பல்புக்கு. சுவிட்ச் வழியாகப் போக வேண்டியது ரிலேயின் சுருளை இயக்குகிற அளவுக்கு மட்டும், கால் ஆம்பியருக்குள் அடங்கிவிடும். சுவிட்ச் சூடாகாது, பல்புக்கு முழு வோல்ட்டும் கிடைக்கும். அதே 60/55 பல்பே முன்னைவிடப் பளிச்சென்று எரியும். 100 வாட் பல்பே தேவைப்படாது. இத்தனையும் செய்து முடிக்க ஒரு மதியம் போதும். அந்த ஒரு மதியத்தை இந்த வண்டிக்குக் கொடுக்க யாரும் தயாராக இல்லை, அதற்குக் கூலி கொடுக்கவும் தயாராக இல்லை.

பின்பக்கம் இதைவிட மோசம். முன்னால் விளக்கு போனால் டிரைவருக்கு உடனே தெரிகிறது. பின்னால் போனால் தெரியாது. பின்னால் வருகிறவர்தான் அனுபவிக்கிறார்.

டெயில் லேம்பில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை. ஒன்று 5 வாட், பார்க் லைட்டுக்கு. இன்னொன்று 21 வாட், பிரேக்குக்கு. இரண்டுக்கும் கரண்ட் வருகிற வழி வேறு, திரும்பிப் போகிற வழி ஒன்று. பல்பின் உடம்பு வழியாக, லேம்பைப் பிடித்திருக்கும் போல்ட் வழியாக, வண்டியின் பாடிக்கு. அதைத்தான் எர்த் என்கிறோம். வயலுக்குத் தண்ணீர் விட்டவருக்கு வடிகால் அடைபட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, வந்த வழியிலும் பக்கத்து வழியிலும் எதிர்த்து ஏறும். எர்த் போல்ட் துருப்பிடித்தால் இதுதான் நடக்கிறது. பகலில் பிரேக்கை மிதித்தால், அந்தக் கரண்ட் 5 வாட் இழைக்குள் புகுந்து, பார்க் லைட் ஒயர் வழியாகப் பின்னோக்கி ஓடி, வேறு விளக்குகளின் எர்த்தைத் தேடிப் போகும். பின்னால் வருகிறவருக்கு மங்கலாக ஒரு சிவப்பு தெரியும், அவ்வளவுதான். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டெல்லாம் சேர்ந்து மினுக்கும். ராத்திரியில் பார்க் லைட் போட்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் இன்னும் விபரீதம். இழையின் இரண்டு முனையிலும் 12 வோல்ட், போக்கிடம் இல்லை. அந்தப் பக்கம் பார்க்கும் எரியாது, பிரேக்கும் எரியாது. லோடு வண்டி ராத்திரியில் பிரேக் பிடிக்கிற அந்த நொடியில் ஒரு பக்கம் முழு இருட்டு.

பழனி ரோட்டில் விடியக்காலம் பால் கேனோடு வருகிறவர்கள், மில் ஷிஃப்ட் முடித்து டூவீலரில் திரும்புகிற பெண்கள், இவர்கள்தான் எங்கள் வண்டிக்குப் பின்னால் வருகிறவர்கள். மார்கழிப் பனியில் அவர்களுக்குத் தெரிவது அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான். அதை நம்பித்தான் பின்னால் வருகிறார்கள். ஒரு துருப்பிடித்த போல்ட்டுக்காக அந்த நம்பிக்கையைக் கெடுக்கிற உரிமை எங்களுக்கு யார் கொடுத்தது?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள ஒயரை எடுத்துப் போய் டெயில் லேம்பின் எர்த்தில் வைத்துப் பாருங்கள். மங்கலாக இருந்தது சட்டென்று பளிச்சிட்டால் கோளாறு எர்த்தில்தான். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். எங்கள் வண்டியில் இதற்குப் பதிலாக என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? பல்பு மங்கலாக எரிகிறது என்று பல்பை மாற்றியிருந்தார்கள். திரும்பத் திரும்ப, புதுப் பல்பாக.

எஞ்சின் எர்த்தும் இதே கதிதான். எஞ்சின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருப்பதால் சேசிஸோடு அதற்கு நேர்த் தொடர்பு இல்லை. இரண்டையும் இணைப்பது பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை. அது அறுந்துபோனால் செல்ஃப் அடிக்கும்போது அத்தனை கரண்ட்டும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகை வரும். உள்ளே பிளாஸ்டிக் உறை உருகி ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கேபிளை மட்டும் புதிதாகப் போட்டு அனுப்பிவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. பட்டை அறுந்தே கிடக்கும்.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேசிஸ் ஓரத்தில் திறந்த பெட்டியில் இருக்கிறது. மேல்மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. இரும்புக் கிளாம்ப் இருந்த இடத்தில் சைக்கிள் டியூபால் கட்டியிருந்தார்கள். பாசிட்டிவ் முனைக்கு மேல் இருக்க வேண்டிய ரப்பர் தொப்பி இல்லை. அதே பெட்டிக்குள் ஜாக்கி ராடும் ஸ்பேனரும். ஒரு குழியில் வண்டி இறங்கி அந்த ராடு துள்ளி இரண்டு முனைக்கும் நடுவே விழுந்தால் போதும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறிக்கொண்டிருக்கும், லூஸாக இருக்கும் டெர்மினலில் ஒரு பொறி பறந்தாலே வெடிக்கலாம். இத்தனைக்கும், ஒயரில் சப்ளை இருக்கிறதா என்று பார்க்க அதைப் பாடியில் உரசி நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. டெஸ்ட் லாம்ப் கையிலேயே இருக்கும், எடுக்க மாட்டார்கள்.

ஏன் இப்படி என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் எஞ்சினுக்கு ஸ்டார்ட் ஆன பிறகு கரண்ட் பெரிதாக வேண்டாம். ஸ்டாப் சாலினாய்டுக்குக் கொஞ்சம் போதும். கம்பி இழுத்து நிறுத்துகிற வண்டிக்கு அதுவும் வேண்டாம். பேட்டரி செத்தாலும் நாலு பேர் தள்ளிவிட்டால் கிளம்பிவிடும். ஒயரிங் எவ்வளவு அழுகினாலும் வண்டி நிற்காது. நிற்காத வரைக்கும் வாடகை வரும். வாடகை வருகிற வண்டியை யாரும் பட்டறையில் போட மாட்டார்கள்.

எலெக்ட்ரீஷியன்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அதில் பலர் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கடைக்கு வந்து, கூடமாட நின்று கற்றுக்கொண்டவர்கள். ஐ.டி.ஐ.யில் ஆட்டோ எலெக்ட்ரிகலுக்கு என்று தனிப் படிப்பே இருக்கிறது. அதைப் படித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், ரோட்டோரக் கடையில் அந்தச் சம்பளம் கட்டாது. ஒழுங்காக ஃபால்ட் பிடிக்க நேரம் வேண்டும். டேப்பைப் பிரிக்க வேண்டும், மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பிலும் எத்தனை வோல்ட் போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? “என்னய்யா ஒரு ஒயரை முறுக்குனதுக்கு ஐந்நூறா?” என்று கேட்கிற முதலாளிகளை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். புதுச் சாமான் மாட்டினால் காசு கொடுப்பார்கள், கோளாறு கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கடைக்காரர் பல்பை மாற்றாமல் வேறு எதை மாற்றுவார்?

எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். லோடு வண்டிக்கு எட்டு வயது தாண்டினால் வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். நல்ல சட்டம். வாங்குகிற விதத்தைப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே பெயிண்ட் அடிப்பார்கள், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், எல்.இ.டி. பாரைக் கழற்றி வைப்பார்கள், எல்லா விளக்கும் அன்று காலையில் எரிகிற மாதிரி செய்துகொள்வார்கள். விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார்கள். எரிகிற விளக்குக்குப் பின்னால் ஒயர் எந்த நிலையில் இருக்கிறது, ஃபியூஸ் குழியில் வெள்ளித்தாள் இருக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்த்ததை நான் கண்டதில்லை. ஃபியூஸ் பாக்ஸின் மூடியைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பார்க் லைட்டையும் போடச் சொல்லி, பின்னால் போய் நின்று பார்த்தாலே பாதி வண்டிகளின் வண்டவாளம் வெளியே வந்துவிடும். சான்று வாங்கி வந்த மறுநாளே எல்.இ.டி. பார் மறுபடி மேலே ஏறிவிடும், அதே டைரக்ட் ஒயரில்.

வண்டியில் கருகிய வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட யாரும் டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஓரம் கட்டி, சாவியை அணைத்து, முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே ஷார்ட் ஆகும். அதனால்தான் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பெரிய லாரிகளில் இருக்கிற மாதிரி ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் ஸ்பேனர் தேடுகிற வேலையே இல்லை, ஒரே திருப்பில் எல்லாம் அடங்கும். பானெட்டுக்குள் தீ பிடித்திருந்தால் முழுசாகத் தூக்கித் திறக்கக் கூடாது, காற்று புகுந்து குப்பென்று பற்றும். லேசாகத் தூக்கி அந்த இடைவெளியில் பவுடரை அடிக்க வேண்டும். அதற்குக் கேபினில் பவுடர் சிலிண்டர் இருக்க வேண்டும், அது காலாவதி ஆகாமலும் இருக்க வேண்டும். எங்கள் வண்டியோடு வந்த சிலிண்டரின் முள் எப்போதோ சிவப்பில் இறங்கிவிட்டிருந்தது.

“இவ்வளவு கஷ்டப்படறதுக்கு வண்டியைத் தள்ளிவிட்டுடுங்கண்ணே, பெயிண்ட் நல்லா இருக்கு, எஞ்சின் நல்லா இருக்கு, ரேட்டு வரும்” என்று புரோக்கர் சொல்லிவிட்டார். வரும்தான். வாங்குகிறவர் டயரைப் பார்ப்பார், எஞ்சின் சத்தத்தைக் கேட்பார், ஆர்.சி.யைப் பார்ப்பார். டேஷ்போர்டுக்கு அடியில் பார்க்க மாட்டார். எங்களுக்கு விற்றவரும் இதைத்தான் செய்தார். கடன் வாங்கி முதல் வண்டி எடுக்கிற ஏதோ ஒரு பையன் தலையில் இதே ஒயரைக் கட்டிவிட என் மனசு ஒப்பவில்லை.

அலைந்து திரிந்ததில் திண்டுக்கல் பக்கம் ஒரு மூத்த எலெக்ட்ரீஷியன் கிடைத்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, இதுல ஜாயிண்ட் போடறதுக்கு இனி இடமே இல்ல. எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டுப் புதுசா இழுக்கணும். என்னைய அவசரப்படுத்தக் கூடாது. லோடு இருக்குன்னு போன் அடிச்சீங்கன்னா வண்டியை வந்து எடுத்துக்கங்க” என்றார். ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, பேட்டரி பக்கத்திலேயே மெயின் ஃபியூஸ், கட்-ஆஃப் சுவிட்ச், டெயில் லேம்புக்குத் தனி எர்த் ஒயர், சேசிஸ் நெடுக ஃபிளெக்சிபிள் குழாய்க்குள் ஒயர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று படம் போட்டுத் தருவதாகவும் சொன்னார். எல்.இ.டி. பார் வேண்டாம் என்று நான் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

முருங்கை வரத்து அதிகமான நேரம் பார்த்து வண்டியைப் பட்டறையில் போட்டுவிட்டேன் என்று வீட்டில் எல்லாருக்கும் என் மேல் கோபம். வாடகை வண்டி பிடித்துத்தான் லோடு போகிறது. நேற்று ராத்திரி அந்த வாடகை வண்டியில் லோடு ஏற்றும்போது பின்னால் நின்று பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வலது பக்கம் எரியவில்லை. “காலையில பார்த்துக்கலாம்ணே” என்றார் அந்த டிரைவர். பார்த்த பிறகுதான் லோடு கிளம்பும் என்று சொல்லி, உப்புத்தாளை எடுத்துவரச் சொன்னேன்.